செத்த பிறகு என்ன? பௌத்தம் சொல்லும் மறுபிறப்பும் 31 உலகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகயை, ராஜகிருகம், சாரநாத் என்று தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் சிறு குழுக்களோடு சில வருடங்களாகப் போய்வருகிறேன். பேருந்தில் மணிக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்து போகும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சாவில் வந்து நிற்கும். முதல் நாள் கூச்சத்தோடு கேட்பவர்கள் மூன்றாம் நாள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் பாலி சூத்திரங்களை, அதாவது பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளை, ஒட்டியவை. இலங்கை, பர்மா, தாய்லாந்து நாடுகளில் வழங்கும் தேரவாத மரபு அது. மற்ற மரபுகள் வேறு மாதிரி சொல்லும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

முதல்ல நேரா சொல்லுங்க. புத்தர் மறுபிறப்பை ஒத்துக்கிட்டாரா, இல்லையா?

ஒத்துக்கொண்டார். போதி மரத்தடியில் அந்த இரவில் நடந்ததைச் சூத்திரங்கள் மூன்று கட்டமாகச் சொல்கின்றன. முதல் யாமத்தில் தம்முடைய பழைய பிறவிகள் நினைவுக்கு வந்தன. நடு யாமத்தில் உயிர்கள் தத்தம் வினைக்கேற்ப இறப்பதையும் பிறப்பதையும் கண்டார். கடை யாமத்தில் மனத்தின் கசடுகள் அடியோடு அற்றுப்போயின.

முதல் இரண்டும் அவரை விடுவிக்கவில்லை, மூன்றாவதுதான் விடுவித்தது. முற்பிறவியைத் தெரிந்துகொள்வதுதான் பெரிய ஞானம் என்று நினைத்து வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். மறுபிறப்பைப் பற்றி புத்தர் பேசியதெல்லாம் அதிலிருந்து வெளியே வருவதற்காகத்தான்.

ஆன்மாவே இல்லைங்கிறீங்க. அப்புறம் எதுதான் மறுபடி பிறக்குது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நம் காதில் ஊறிப்போன படம் ஒன்று உண்டு: கிழிந்த சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொள்வது, கூடு விட்டுக் கூடு பாய்வது. அந்தப் படத்தில் போகிறவன் ஒருவன் இருக்கிறான். பௌத்தம் அந்த ஒருவனைத்தான் இல்லை என்கிறது. மனிதன் என்று நாம் சொல்வது ஐந்து கந்தங்களின், அதாவது தொகுதிகளின், கூட்டு. மணிமேகலை அவற்றை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்று எண்ணுகிறது. ஐந்தும் நொடிக்கு நொடி மாறுகிறவை. அவற்றுக்கு உள்ளே மாறாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் கிடையாது.

சாதி என்ற பெயருடைய ஒரு பிக்கு இருந்தார், மீனவர் மகன். "இதே அறிவுதான் பிறவி பிறவியாக ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லித் திரிந்தார். புத்தர் அவரைக் கூப்பிட்டு, இப்படி நான் யாருக்கு எப்போது சொன்னேன் என்று கடுமையாகவே கண்டித்தார். அறிவும் காரணம் இருந்தால் தோன்றுவது, காரணம் போனால் மறைவது என்பதே அவர் சொன்னது.

வடமேற்கில் ஆண்ட கிரேக்க மன்னர் மிலிந்தருக்கு நாகசேன பிக்கு சொன்ன உவமை இன்னும் எளிது. ஒரு விளக்கின் சுடரிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால், முதல் விளக்கிலிருந்து ஏதாவது எழுந்து நடந்து போனதா? இல்லை. ஆனால் முதல் சுடர் இல்லாமல் இரண்டாவது இல்லை. கடந்து போகும் பொருள் என்று ஒன்று கிடையாது, காரணத்தின் தொடர்ச்சி மட்டும் உண்டு. பின்னால் வரும் பதில்கள் எல்லாம் இந்த விளக்கை நம்பித்தான் நிற்கின்றன.

அப்போ நான் செஞ்ச தப்புக்கு வேற யாரோ அனுபவிக்கிறாங்க. இது நியாயமா?

மிலிந்தரும் இதையேதான் கேட்டார். நாகசேனர் பதிலுக்கு ஒரு திருடனைக் கொண்டுவந்தார். மாந்தோப்பில் பழம் பறித்துப் பிடிபட்டவன், "இவர் நட்டது வேறு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு மாம்பழம். இவர் பொருளை நான் தொடவே இல்லை" என்கிறான். எந்த மன்னன் அவனை விடுவான்? நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்தது. இன்னோர் உவமையும் அவரே சொன்னார். இடையனிடம் பால் வாங்கி, நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடமே விட்டுப் போனால் மறுநாள் அது தயிராகியிருக்கும். நான் வாங்கியது பால்தான் என்று சண்டை பிடிக்க முடியாது.

நம் தமிழிலேயே இதற்கு அருமையான காட்சி ஒன்று இருக்கிறது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் பட்டினி கிடந்து உயிர்விடுகிறான். பிறகு சாவக நாட்டில் புண்ணியராசன் என்ற அரசனாகப் பிறக்கிறான். பின்னொரு நாள் அதே தீவுக்கு வந்து மணலைத் தோண்டும்போது அவனுடைய பழைய உடம்பின் எலும்புகள் வெளிப்படுகின்றன. அந்த எலும்பு இவனா, வேறொருவனா? "அவனே" என்றும் சொல்ல முடியாது, "வேறு" என்றும் தள்ள முடியாது. பாலி நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை நம் புலவர் ஒரு மணல்குழியில் காட்டிவிட்டார். யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று பலர் கருதுகிறார்கள்.

நமக்கு ஏன் எதுவுமே ஞாபகம் இல்லை?

இரண்டு வயதில் யார் இடுப்பில் உட்கார்ந்து சோறு தின்றீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இல்லை. ஆனால் அந்தச் சோறு இந்த உடம்பாக இருக்கிறது. தொடர்ச்சி இருக்க ஞாபகம் தேவையில்லை. ஆழ்ந்த தியானத்தில் மனம் பண்பட்டவர்களுக்குப் பழைய பிறவிகள் நினைவுக்கு வரும் என்று சூத்திரங்கள் சொல்கின்றன. அது இல்லாமலே விடுதலை அடைந்தவர்கள் பலர் என்பதும் அதே சூத்திரங்களில் இருக்கிறது.

கர்மான்னா விதிதானே? எழுதினபடி நடக்கும், அவ்வளவுதானே?

இல்லை. புத்தர் வினைக்குத் தந்த விளக்கம் ஒரே வரி: எண்ணத்தையே நான் வினை என்கிறேன். எண்ணிவிட்டுத்தான் உடம்பாலோ வாயாலோ மனத்தாலோ செய்கிறோம். அப்படியானால் வினை இந்த நொடியில் நடந்துகொண்டிருப்பது. தலையில் எழுதி முடித்த எழுத்து அல்ல.

பலனும் கணக்குப் பிள்ளை கூட்டிக் கழித்துத் தருவது போல வராது. ஓர் உப்புக்கட்டியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதையே கங்கையில் போட்டால்? கங்கை கரிக்காது. ஒரே தப்பைச் செய்த இருவரில், மனம் குறுகிக் கிடப்பவனுக்கு அது நரகம் வரை கொண்டுபோகும், மனம் விரிந்தவனுக்கு இங்கேயே சின்ன வலியாகக் கழிந்துவிடும் என்கிறார் புத்தர். முன்பு போட்ட உப்பை எடுக்க முடியாது, தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

ஒருத்தர் அஞ்சு உலகம்ங்கிறார், ஒருத்தர் ஆறுங்கிறார், பர்மாக்காரர் 31ங்கிறார். எது சரி?

எல்லாம் சரி, எண்ணும் விதம்தான் வேறு. பழைய பாலி சூத்திரங்களில் கதிகள், அதாவது உயிர்கள் போய்ப் பிறக்கும் நிலைகள், ஐந்து: நரகர், விலங்கு, பிரேதர் (பசியில் அலையும் ஆவிகள்), மனிதர், தேவர். அசுரரைத் தேவரிலிருந்து பிரித்துத் தனியாக வைத்தால் ஆறு. திபெத்தியர் வழக்கு அது. மணிமேகலையும் ஆறு என்றுதான் சொல்கிறது, ஆனால் அது வேறு ஆறு: மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய். அசுரர் இடத்தில் பிரமர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை முதல் முறை கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம் ஊருக்கென்று சொந்தமாக ஒரு பாடம் இருந்திருக்கிறது!

31 என்பது இதையே இன்னும் நுணுக்கமாகப் பகுத்தது. காமலோகத்தில் (புலன் ஆசைகளின் உலகம்) 11: நரகம், விலங்கு, பிரேதம், அசுரம் என்ற நான்கு கீழ்நிலைகள், மனித உலகம், அதற்கு மேல் ஆறு தேவலோகங்கள். அதற்கும் மேலே ரூபலோகத்தில் 16. நுண்ணிய உடம்புள்ள பிரமர்கள் இருக்கும் இடம் அது. உச்சியில் உருவமே இல்லாத அரூபலோகம் 4. காமலோகத்துக்கு நல்வினையும் தீவினையும் கொண்டுசேர்க்கும். மேலே உள்ள இருபதுக்கும் தியானத்தின் ஆழம்தான் வழி. அந்த உலகங்கள் தியான நிலைகளின் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். மனத்தின் படிக்கட்டும் உலகத்தின் படிக்கட்டும் ஒன்றுதான்.

காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை ஒட்டிச் சக்கரவாளக் கோட்டம் இருந்ததாக மணிமேகலை சொல்கிறது. மயன் மண்ணால் செய்துவைத்த அண்டத்தின் மாதிரி அது. அது எழுந்த கதையில் ஒரு தாய்க்காக அண்டத்துத் தெய்வங்கள் எல்லாம் வந்து நிற்கின்றன. அரூபப் பிரமர் நான்கு வகை, உருவப் பிரமர் பதினாறு வகை, தேவகணங்கள் ஆறு வகை என்று வரிசை வருகிறது. மேலே சொன்ன கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. அந்தத் தாயைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

திபெத்துக் கோயில் சுவத்துல ஒரு பூதம் சக்கரத்தைக் கடிச்சுக்கிட்டு நிக்குதே, அது என்ன?

அது பவசக்கரம். புத்தகயைக்கு வரும் எவரும் பார்க்காமல் போக முடியாது. அஜந்தா 17ஆம் குகையின் முன்மண்டபத்திலும் பழைய ஓவியம் ஒன்று சிதைந்த நிலையில் இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருப்பது யமன், அதாவது சாவு. நடுவில் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு ஒரு பன்றி, ஒரு சேவல், ஒரு பாம்பு. அவை மயக்கம், ஆசை, வெறுப்பு. அதைச் சுற்றி மேலே சொன்ன திபெத்தியரின் ஆறு கதிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர் உருவம் இருக்கும், நரகத்திலும் இருக்கும். தேடிப் பாருங்கள்.

வெளி வளையத்தில் பன்னிரண்டு சின்னப் படங்கள். மறுபிறப்பு எதனால் நடக்கிறது என்பதற்கான பதில் அங்கேதான். தடியூன்றிப் போகும் குருடர், பானை வனையும் குயவர், மரத்தில் தாவும் குரங்கு என்று தொடங்கிப் பிணத்தைச் சுமந்து போவதில் முடியும். இவற்றுக்கு மணிமேகலையில் நல்ல தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்று இருந்தால் அடுத்தது வரும். நுகர்வு வரை வருவதை நம்மால் தடுக்க முடியாது, இனிப்பு இனிக்கத்தான் செய்யும். நுகர்வு வேட்கையாக மாறும் இடத்தில்தான் நாம் ஏதாவது செய்ய முடியும்.

இந்திரன், பிரமன் எல்லாம் நம்ம சாமிங்கதானே? அவங்களுக்கும் சாவு உண்டா?

உண்டு. இந்திரனைப் பாலியில் சக்கன் என்பார்கள். 33 தேவர் உலகமான தாவதிம்சத்தின் தலைவன் அவன். அங்கே ஒரு நாள் என்பது நமக்கு 100 வருடம். அப்படி 1,000 வருடம் ஆயுள், நம் கணக்கில் 3 கோடியே 60 லட்சம் வருடம். பெரிய ஆயுள்தான், ஆனாலும் முடிகிற ஆயுள். இந்திரன் என்பது ஒரு பதவி. ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர்.

பிரமனைப் பற்றிக் கேவட்ட சூத்திரத்தில் ஒரு கதை வருகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் எங்கே மிச்சமின்றி ஒடுங்குகின்றன என்று கேட்டுக்கொண்டு ஒரு பிக்கு ஒவ்வொரு தேவலோகமாக ஏறுகிறார். கடைசியில் மகாபிரமனே தோன்றி, "நானே பிரமன், நானே படைத்தவன், நானே எல்லாருக்கும் தந்தை" என்கிறார். பிக்கு, "நான் அதைக் கேட்கவில்லையே" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மூன்றாம் முறை மகாபிரமன் அவர் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், "எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று இந்தத் தேவர்கள் நம்புகிறார்கள், அதனால் அவர்கள் முன்னால் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. புத்தரிடமே போய்க் கேள்" என்கிறார்.

நரகத்துல போட்டா போட்டதுதானா? எப்பவாவது விடுவாங்களா?

பௌத்தத்தில் நிரந்தரமான நரகம் கிடையாது. அங்கே கொண்டுபோன வினை தீர்ந்ததும் அந்த இருப்பும் தீரும். ஆனால் அது மிக நீண்ட காலம், சூத்திரங்களில் உள்ள வருணனைகளும் கொடூரமானவை. அதை மென்மைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை.

என்னை அதிகம் தொட்டது தேவதூத சூத்திரத்தில் வரும் யமன். நரகத்துக்கு வந்தவனிடம் அவன் கேள்விதான் கேட்கிறான். மல்லாந்து தன் கழிவிலேயே கிடந்த பச்சைக் குழந்தையைப் பார்த்தாயா? கூன் விழுந்த கிழவரை, நோயாளியை, தண்டிக்கப்பட்ட குற்றவாளியை, பிணத்தைப் பார்த்தாயா? பார்த்தபோது, நமக்கும் இதுதான், நல்லது செய்வோம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா? அந்த ஐந்தும் தேவதூதர்கள். இது உன் தாய் செய்ததல்ல, தந்தை செய்ததல்ல, நீயே செய்தது என்று சொல்லிவிட்டு யமன் மௌனமாகிவிடுகிறான். அதே சூத்திரத்தில் யமனுக்கே ஓர் ஆசை வருகிறது: நான் எப்போது மனிதனாகப் பிறந்து ஒரு புத்தரிடம் அறம் கேட்பேன்?

தேவரா பிறக்கிறதை விட்டுட்டு மனுஷப் பிறவிக்கு ஏன் இவ்வளவு ஏக்கம்?

தேவலோகத்தில் சுகம் அதிகம். சுகத்தில் இருப்பவனுக்குப் பல் வலிக்கும்வரை பல் இருப்பதே தெரியாது. நரகத்திலோ வலியைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாது. இரண்டும் கலந்து கிடைப்பதால்தான் மனித உலகத்தில் யோசிக்க இடம் இருக்கிறது.

எவ்வளவு அரிது என்பதற்கு ஆமை உவமை உண்டு. கடலில் ஒற்றைத் துளையுள்ள நுகத்தடி ஒன்று காற்றடிக்கும் திசையெல்லாம் மிதந்து அலைகிறது. 100 வருடத்துக்கு ஒரு முறை தலை தூக்கும் குருட்டு ஆமை, அந்தத் துளைக்குள் தலையை நுழைப்பது எவ்வளவு அரிதோ, கீழே விழுந்தவன் மீண்டும் மனிதனாவது அதைவிட அரிது.

மனுஷன் நாயா மாடா பிறப்பானா? கொஞ்சம் ஓவரா இல்லையா?

பிறக்கலாம் என்றுதான் மரபு சொல்கிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் பாலி ஜாதகக் கதைகள் 547இல் போதிசத்துவரே (புத்தராவதற்கு முன்பு அவருக்குப் பெயர் அது) குரங்காக, மானாக, யானையாக வருகிறார்.

கோலிய நாட்டில் இரண்டு துறவிகள் இருந்தார்கள். சேனியர் நாயைப் போலவே வாழும் விரதம் எடுத்தவர். தரையில் போட்ட சோற்றைத்தான் தின்பார், நாயைப் போலவே சுருண்டு படுப்பார். புண்ணர் மாட்டு விரதக்காரர். சேனியருக்கு என்ன கதி கிடைக்கும் என்று புண்ணர் கேட்டார். புத்தர் இரண்டு முறை மறுத்தார், மூன்றாம் முறை சொன்னார்: நாயின் பழக்கத்தையும் நாயின் மனத்தையும் முழுமையாக வளர்த்தவன் நாய்களோடுதான் போய்ச் சேருவான். சேனியர் அழுதுவிட்டார். பிறகு புத்தரிடமே துறவு பூண்டு அரகந்தரானார், அதாவது முழு விடுதலை அடைந்தார். நாயாக மாறுவது சாவுக்குப் பிறகு நடக்கும் மந்திரம் அல்ல. அதற்கு முன்பே மனத்தில் நடந்துகொண்டிருப்பது.

அப்போ இந்த உலகமெல்லாம் மனநிலைதான்னு சொல்லிடலாமே? நிஜமாவே இருக்குன்னு ஏன் சொல்லணும்?

அப்படிச் சொன்னவர்கள் உண்டு. தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) பிறப்பு என்ற சொல்லுக்கே "நான், எனது" என்ற எண்ணம் தலைதூக்குவது என்று பொருள் கொடுத்தார். கோபத்தில் வேகும்போது நரகம், தீராத ஆசையில் பிரேதம், அச்சத்தில் அசுரம். சூத்திரங்களிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆறு புலன்களிலும் பிடிக்காததே வந்து மோதும் நரகத்தைக் கண்டேன் என்று புத்தர் ஓரிடத்தில் சொல்கிறார்.

ஆனால் அது மட்டும்தான் பொருள் என்று சொன்னால் நூற்றுக்கணக்கான சூத்திரங்களை மறைக்க வேண்டிவரும். "உடம்பு அழிந்தபின், மரணத்துக்கு அப்பால்" என்று அவை தெளிவாகவே பேசுகின்றன. மனத்தில் நடப்பதும் சாவுக்குப் பின் நடப்பதும் ஒரே விதியின் குறுகிய வடிவமும் நீண்ட வடிவமும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சேனியர் கதை இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

செத்த உடனே பிறந்துடுவாங்களா, இல்லை 49 நாள் அலைவாங்களா?

தேரவாதத்தின்படி இடைவெளி கிடையாது. கடைசி மனநொடி அணைந்த அடுத்த நொடியே புதுப் பிறப்பின் முதல் மனநொடி. சர்வாஸ்திவாதம் என்ற பழைய பள்ளி இடைநிலை ஒன்று உண்டு என்றது. திபெத்தியர் அதை ஏற்று, 49 நாள் வரை நீளலாம் என்கிறார்கள். இறந்தவர் காதருகே வழிகாட்டி ஓதுவது அதனால்தான். இலங்கையிலும் ஏழாம் நாள், மூன்றாம் மாதம் என்று தானம் கொடுக்கிறார்கள். அது இறந்தவர் பெயரால் புண்ணியம் சேர்ப்பதற்காக.

கடைசி நொடியில எதை நினைக்கிறோமோ அதுவாவே பிறப்போம்ங்கிறது உண்மையா?

பாதி உண்மை. அடுத்த பிறப்பைத் தீர்மானிப்பதில் முதலிடம் மிகக் கனமான வினைக்கு. பெற்றோரைக் கொல்வது போன்றது ஒரு பக்கம், ஆழ்ந்த தியானம் மறுபக்கம். அப்படி எதுவும் இல்லையென்றால் சாகும் தறுவாயில் நினைவுக்கு வருவதும், வாழ்நாள் பழக்கமும் முன்னால் வரும். பட்டியைத் திறந்தால் வாசலருகே நிற்கும் கிழட்டு மாடுதான் முதலில் வெளியே வரும் என்று உரைகாரர்கள் உவமை சொல்வார்கள்.

கோசல மன்னன் பசேநதியின் அரசி மல்லிகா வாழ்நாளெல்லாம் தானம் செய்தவர். கணவனிடம் சொன்ன ஒரு பொய் சாகும்போது நினைவுக்கு வந்ததால் அவீசி நரகத்துக்குப் போனார் என்கிறது தம்மபத உரை. எத்தனை நாள்? ஏழு நாள். எட்டாம் நாள் துசித தேவலோகம். கடைசி நினைவு கதவைத் திறக்கும். வீட்டைக் கட்டியது மொத்த வாழ்க்கைதான்.

ஏழையா, கீழ்ச்சாதியா, ஊனமா பிறந்ததுக்கெல்லாம் முற்பிறவிப் பாவம்தான் காரணமா?

இந்தக் கேள்வி வரும்போது பேருந்தே அமைதியாகிவிடும். கேட்டவர் அந்தப் பேச்சால் அடிபட்டவராகவும் இருக்கலாம். எனவே ஒளிக்காமல் சொல்கிறேன். ஆயுள் குறைவு, நோய், வறுமை ஆகியவற்றுக்கும் பழைய வினைக்கும் தொடர்பு உண்டு என்று சுபன் என்ற பிராமண இளைஞனிடம் புத்தர் சொன்ன சூத்திரம் இருக்கிறது. இல்லை என்று நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் வேறு சூத்திரங்களும் இருக்கின்றன. நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினையால்தானா என்று சீவகர் என்ற பரிவிராசகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி) கேட்டபோது புத்தர் எட்டுக் காரணங்களை எண்ணினார்: பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்த கோளாறு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குவது, வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாமே முன்வினை என்பவர்கள் தமக்கே தெரிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். எந்த வினை எங்கே போய் எப்படிப் பலிக்கும் என்று துழாவிப் பார்ப்பவனுக்குப் பித்துதான் பிடிக்கும் என்றும் எச்சரித்தார். அப்படியிருக்க, இன்னொருவர் கஷ்டத்தைப் பார்த்து இது அவர் முற்பிறவிப் பாவம் என்று தீர்ப்பு சொல்ல நமக்கு ஏது உரிமை?

சாதிக்கு நேரடியான பதிலே இருக்கிறது. பிறப்பால் ஒருவன் இழிந்தவன் ஆவதில்லை, பிறப்பால் பிராமணன் ஆவதுமில்லை, செயலால்தான் ஆகிறான். சாதி மனிதர் கட்டியது. அதன் கொடுமையைச் செய்கிறவன்தான் தீவினையைச் சேர்க்கிறான், படுகிறவன் அல்ல. உப்புக்கட்டி உவமையை இங்கேயும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்பேத்கர் மறுபிறப்பை ஏத்துக்கலையே. நம்பாமலே பௌத்தரா இருக்கலாமா?

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர், எது மறுபடி பிறக்கிறது, யார் மறுபடி பிறக்கிறார் என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். உடம்பின் பூதங்கள் பிரிந்து மீண்டும் சேர்வதை ஏற்றார். அதே ஆள் திரும்பி வருவதை ஏற்கவில்லை. முற்பிறவி வினை என்ற பேச்சு ஏழைகளின் துன்பத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆக்கிவிடுகிறது என்பதே அவருடைய கோபம். முந்தைய கேள்வியில் அடிபட்டவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கோபம் புரியும். மரபுப் பிக்குகள் அவருடைய விளக்கத்தோடு உடன்பட மாட்டார்கள். ஆனால் அதே ஆள் போவதில்லை என்பதில் இரு பக்கமும் ஒன்றுதான்.

நம்பிக்கை வராதவர்களுக்கு, காலாமர் என்ற குலத்து மக்களிடம் புத்தர் சொன்னது இருக்கிறது. பகையற்ற, தூய மனம் கொண்டவனுக்கு நான்கு ஆறுதல்கள். மறுமை இருந்தால் நல்ல இடம் கிடைக்கும். இல்லையென்றாலும் இங்கேயே நிம்மதியாக வாழ்கிறேன். தீமைக்குப் பலன் உண்டென்றால், தீமை செய்யாத என்னை அது தொடாது. இல்லையென்றாலும் நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன். அந்த நான்கோடு நடக்கத் தொடங்கினால் போதும்.

தலாய் லாமா மட்டும் எப்படித் தானே தேர்ந்தெடுத்துப் பிறக்கிறார்?

மகாயானத்தில் போதிசத்துவர்கள் வினை இழுத்துப் பிறப்பதில்லை, பிறர் துயர் தீர்க்க வேண்டும் என்ற உறுதியால் விரும்பிப் பிறக்கிறார்கள் என்பது நம்பிக்கை. திபெத்தில் அப்படி அடையாளம் காணப்படுபவர்கள் துல்கு எனப்படுவார்கள். இப்போதைய 14ஆம் தலாய் லாமா 1935இல் தக்சேர் என்ற சிற்றூரில் பிறந்து இரண்டு வயதில் அடையாளம் காணப்பட்டவர். தேரவாதத்தில் இப்படி ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழக்கம் கிடையாது.

நிப்பாணம் அடைஞ்சவர் செத்தா எங்கே போவார்? 32ஆவது உலகமா?

இல்லை. நிப்பாணம் என்பது நாம் நிர்வாணம் என்று கேள்விப்பட்ட விடுதலைதான், 31க்கு மேலே ஒரு மாடி அல்ல அது. வச்சகோத்தர் என்ற பரிவிராசகர் இதைக் கேட்டார். புத்தர் திருப்பிக் கேட்டார்: உன் முன்னால் எரிகிற நெருப்பு அணைந்தால் அது கிழக்கே போனதா, மேற்கே போனதா, வடக்கா, தெற்கா? வச்சகோத்தர், "அந்தக் கேள்வியே பொருந்தாது. விறகை நம்பி எரிந்தது, விறகு தீர்ந்ததும் அணைந்தது" என்றார். இரண்டாம் கேள்வியில் சொன்ன விளக்கை இங்கே திரும்பப் பாருங்கள். எண்ணெய் இருக்கும்வரை சுடரிலிருந்து சுடர். எண்ணெய்தான் வேட்கை.

அப்படியானால் அழிந்துபோனாரா என்று உடனே கேட்பார்கள். அழிவதற்கு உள்ளே ஓர் ஆள் இருந்திருந்தால் அந்தச் சொல் பொருந்தும். இருக்கிறார், இல்லை, இருந்தும் இல்லை, இரண்டும் இல்லை ஆகிய நான்கையும் புத்தர் ஏற்க மறுத்தார். எனக்கும் இந்த இடத்துக்கு வந்தால் வார்த்தை தீர்ந்துவிடும்.

எங்கம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. இப்போ எங்கே இருப்பாங்க?

புத்தகயையில் ஓர் அக்கா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக வந்து கேட்டது. எங்கே என்று எனக்குத் தெரியாது என்றேன். பிறகு சக்கரவாளக் கோட்டத்தின் கதையைச் சொன்னேன். கோதமை என்ற தாயின் மகன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து இறந்துபோனான். என் உயிரை எடுத்துக்கொண்டு என் மகனைக் கொடு என்று அவள் சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடினாள். போன உயிர் வினை வழியே போய்விட்டது என்றாள் சம்பாபதி. கோதமை கேட்கவில்லை. அண்டத்துத் தெய்வங்கள் எல்லாரையும் வரவழைத்தாள் சம்பாபதி. எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த அக்காவின் அம்மா யாருக்கும் தீங்கு நினைக்காதவர், ஆனால் மருத்துவமனையில் குழாய்களுக்கு நடுவே நினைவில்லாமல் போனார். அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. சாக்கியரான மகாநாமர் புத்தரிடம் இதே பயத்தைச் சொல்லியிருக்கிறார்: கபிலவஸ்துவின் கூட்ட நெரிசலில், மனம் கலங்கிய நேரத்தில் செத்துப்போனால் என் கதி என்ன? பயப்படாதே என்றார் புத்தர். நெய்ப்பானை ஆழமான குளத்தில் உடைந்தால் ஓடு அடியில் போகும், நெய் மேலே மிதக்கும். நீண்ட காலம் நம்பிக்கையிலும் ஒழுக்கத்திலும் ஈகையிலும் ஊறிய மனம் அந்த நெய். கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரத்தை வெட்டினால் எந்தப் பக்கம் விழும் என்றும் அவரிடம் கேட்டார்.

நாம் கொடுப்பது அவருக்குப் போய்ச்சேருமா என்றும் அந்த அக்கா கேட்டார். ஜானுசோணி என்ற பிராமணரும் இதைக் கேட்டிருக்கிறார். பிரேத நிலையில் இருந்தால் சேரும். வேறு உலகத்தில் பிறந்திருந்தால் அவர்களுக்கு அங்கே அங்குள்ள உணவு. அப்போது நாம் கொடுத்தது அந்த நிலையில் இருக்கும் வேறு சொந்தங்களுக்குச் சேரும், ஏனென்றால் இத்தனை நீண்ட காலத்தில் நம் சொந்தம் ஒருவர்கூட இல்லாமல் அந்த இடம் காலியாக இருக்க வழியே இல்லை. இந்தப் பிறவித் தொடரில் முன்பு ஒருமுறையாவது நமக்குத் தாயாக இருந்திராத உயிரைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் புத்தர் சொன்னதுதான்.

மறுநாள் காலை ஒரு மடத்தின் சமையலறையில் பிக்குகளுக்கான உணவு தயாரானபோது அந்த அக்கா உள்ளே போய்ச் சேமியா பாயசம் கிண்டினார். அம்மா செய்வது போல ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக.